புறணி

லிஃப்ட் மெக்கானிக் ஒரு நாள் மெஷின் ரூமில் கையை நீட்டி, "அந்தச் சோப்பை எடுடா" என்று கூட்டாளியிடம் கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது ஸ்பேனர். கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் வீட்டில் கண்ணாடியைக் கேட்க நினைத்துக் காலண்டரைக் கேட்டார். மனைவியும் சிரித்தாள். நாற்பத்தாறு வருஷம் கிண்டலடித்தே வாழ்ந்தால் இதுதான் பலன். உடம்பு சரியில்லை என்றால்கூட ஊர் கைதட்டும்.

மூன்று வாரம் கழித்து வலது கை இழுத்துக்கொண்டு கீழே விழுந்தபோதுதான் இது நகைச்சுவை இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பெரிய டாக்டர் ஸ்கேனை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். இடது பக்கம், காதுக்கு மேலே, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி.

"இது பெருமூளைப் புறணியில இருக்கு. மூளைக்கு மேல் தோல் மாதிரி. மூணு மில்லிமீட்டர் கனம்தான். விரிச்சா நியூஸ்பேப்பர்ல ஒரு முழுத்தாள் அளவு வரும். அதைக் கசக்கி மண்டைக்குள்ள திணிச்சு வச்சிருக்கு. பேசறது, கையை ஆட்டறது, ஆளை அடையாளம் கண்டுபிடிக்கறது எல்லாம் அந்தத் தாள்லதான் நடக்குது."

"புறணியா?" என்றாள் மனைவி. "அது இவருக்கு நிறையவே உண்டு டாக்டர். ஊர்ல ஒருத்தரை விட்டு வைக்க மாட்டாரு."

டாக்டர் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கும் முன்பே மிச்சத்தையும் சொன்னார். பேச்சுக்கான இடம் பெரும்பாலும் இடது பக்கம்தான். ஆனால் அதில் எந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மண்டையைத் திறந்தபின் அவரை எழுப்பி, படம் காட்டிப் பெயர் கேட்பார்கள். கேட்கும்போதே ஒவ்வொரு புள்ளியிலும் லேசாகக் கரண்ட் வைப்பார்கள். பெயர் தடுமாறினால் அந்த இடத்தில் கத்தி படாது. அங்கே கட்டி இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும்.

"இருந்தா?"

"மறுபடி வளரும். சீக்கிரமே."

மெக்கானிக்குக்கு இந்த வேலை தெரிந்ததுதான். பழைய கட்டிடத்துப் பேனலில் எந்த ஒயர் எந்த மாடிக்கு என்று எழுதி வைத்த புண்ணியவான் எவனும் கிடையாது. மேலே ஒருவன் ஒயரைத் தொடுவான். கீழே மாடி மாடியாக நின்று இன்னொருவன் "எரியுது", "எரியல" என்று கத்துவான். தெரியாமல் ஒன்றை வெட்டினால் நாலாம் மாடிக்காரர் படியேற வேண்டியதுதான்.

"அப்ப கீழே நின்னு கத்தற ஆளு நான்தான்" என்றார்.

"ஆமா. சரியா கத்தணும்."

படம் காட்டப் போகிறவர் பேச்சுப் பயிற்சி தருகிற பெண். கண்ணாடி, இறுக்கமான கொண்டை, கையில் அட்டைக்கட்டு. பார்த்த நிமிஷமே அவருக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார் மெக்கானிக். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒத்திகையில் டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஒரு படம், ஒரு பேரு. வேடிக்கை வேணாம். இன்னிக்கு சொல்ற பேர்தான் நாளைக்கு எனக்குக் கணக்கு." மெக்கானிக் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு பூட்டு, சீப்பு, ஏணி, குடை என்று ஒப்பித்தார். வாழ்நாளிலேயே அவ்வளவு ஒழுங்காகப் பேசியது அன்றுதான்.

தப்பு அங்கேயே நடந்துவிட்டது. அவர் வீட்டில் எந்தப் பொருளுக்கும் சொந்தப் பெயர் கிடையாது. டிவி ரிமோட்டுக்கு மச்சான் என்று பெயர், தேவைப்படும்போது கண்ணில் படாது. குடைக்கு மாமனார்.

மாமனார் எப்போதோ வந்தபோது விட்டுவிட்டுப் போன குடை அது. திறந்தால் மூடாது. அவரும் வாயைத் திறந்தால் அப்படித்தான். போதாக்குறைக்கு ரோஷக்காரர். ஒரு விசேஷத்தில் நாற்காலி போடத் தாமதமானதற்கு இரண்டு வருஷம் படியேறாமல் இருந்தவர். அதனால் அந்தப் பெயர் புருஷன் பெண்டாட்டி இருவரோடு சரி. "மாமனாரை எடுத்துக்கிட்டீங்களா?" என்று மனைவியே வாசல்வரை வந்து கேட்பாள்.

ஆபரேஷன் அன்று, மண்டையைத் திறந்தபின், காலை பத்து மணிக்கு மெக்கானிக்கை எழுப்பினார்கள். தலை அசையாதபடி பூட்டியிருந்தது. முகத்துக்கு மேலே நீலத்துணிக் கூடாரம். அதற்குள் டீச்சரின் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. யாரோ பக்கத்து வீட்டுல சாமான் நகர்த்தற மாதிரி இருக்கு."

"தோலுக்கு மரத்துப்போக ஊசி போட்டிருக்கோம். மூளைக்கு வலி தெரியாது. ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே வாங்க."

எண்ணினார். முதல் தொடலில் வலது உதட்டோரம் அவரைக் கேட்காமலே துடித்தது. அடுத்த தொடலில் கட்டைவிரல் தானாக மடங்கியது. தன் விரலுக்கு வேறு முதலாளி இருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். மறுபடி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு.

நாலு வரவில்லை. நாலு என்ன என்று தெரியும். வாயும் இருந்தது, நாக்கும் இருந்தது. தெரிந்ததற்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு மாடி காணாமல் போயிருந்தது. கரண்டை எடுத்ததும் "நாலு" என்று பொத்தென்று விழுந்தது. டாக்டர் அந்த இடத்தில் எண் எழுதிய நகம் அளவு காகிதம் ஒன்றை வைத்தார். மெக்கானிக்குக்கு அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது. வார்த்தை இல்லாத வீட்டில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து அவள் சிரிப்புக்காகக் காத்திருப்பது போல ஒரு காட்சி வந்து போனது.

பிறகு படங்கள். ஆறு இடங்கள் குறித்தாயிற்று. ஏழாவது இடம் கட்டியின் நட்டநடுவில்.

"இங்க எதுவும் இல்லைன்னா முழுசா எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "மூணு தடவை தொடுவேன். ரெண்டு தடவை தப்போ தாமதமோ வந்தா விட்டுடணும்."

பூட்டு. "பூட்டு" என்றார்.

குடை. அரைத்தூக்கம், பத்து வருஷப் பழக்கம். "மாமனார்."

டீச்சரின் பேனா நின்றது. அதே அட்டையை மறுபடி காட்டினார். மெக்கானிக் வாய்வரை வந்த மாமனாரைக் கஷ்டப்பட்டு உள்ளே தள்ளினார். தள்ளி முடித்து, குடையைத் தேடி எடுத்து நீட்டுவதற்குள் படம் மாறிவிட்டது.

"ஒண்ணு தப்பு, ஒண்ணு தாமதம்" என்றார் டீச்சர். ஏழாம் நம்பர் காகிதம் வந்து உட்கார்ந்தது.

"டீச்சர், அது தப்பு இல்ல. எங்க வீட்டுல குடைக்குப் பேரே அதுதான்."

டீச்சர் மென்மையாகத்தான் சொன்னார். "பேச்சு இடம் தடுமாறினா, சொன்னது சரின்னுதான் எல்லாருக்கும் தோணும். நேத்து நீங்க குடைன்னுதானே சொன்னீங்க?"

"நேத்து நீங்க மிரட்டினீங்க."

"இன்னொரு தடவை தொட்டுப் பாக்கலாமே டாக்டர்?" என்றார் டீச்சர்.

"அந்த இடத்துல இதுக்கு மேல கரண்ட் வச்சா வலிப்பு வரும். வெளியில வீட்டுக்காரம்மா இருக்காங்க இல்ல? கேளுங்க. ஆனா பதிலை எடுத்துக் கொடுக்காதீங்க."

வெளியே இருந்த நர்சின் போனுக்குக் குடைப் படம் போனது. ஸ்பீக்கரில் டீச்சர் கேட்டார். "இந்தப் படத்துல இருக்கறதை உங்க வீட்டுல என்னன்னு சொல்வீங்கம்மா?"

பதில் இல்லை. மெக்கானிக்குக்குக் காரணம் உடனே புரிந்தது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சாட்சாத் குடையேதான்.

"குடை" என்றாள் மனைவி. குரல் மெலிந்திருந்தது. "குடைன்னுதான் சொல்வோம்."

டீச்சர் எதையோ எழுதினார். கூடாரத்துக்குள் அந்தப் பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏம்மா பொய் சொல்ற?" போனில் இன்னொரு குரல். "அந்த போனை இங்க குடு. ஹலோ, நான் இவ அப்பா. குடைக்கு அவங்க வீட்டுல மாமனார்னு பேரு."

"அப்பா..."

"சும்மா இரு. ஏழு வருஷம் முன்னாடி நான் மாடிப்படி ஏறி வரேன். மாப்பிள்ளை உள்ள சொல்றாரு, மாமனாரை மூலையில நிறுத்து, ஒழுகறாருன்னு. நானும் என் மூக்கைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்."

டாக்டரின் முகக்கவசம் ஒரு முறை உப்பி அடங்கியது.

"ஏன் அந்தப் பேருன்னு தெரியுமாங்க?" என்றார் டீச்சர்.

"திறந்தா மூடாதாம். கேட்டிருக்கலாம். கேட்டா அந்த வீட்டுல ஒரு சிரிப்பு குறைஞ்சிடுமேன்னு திரும்ப நாலு படி இறங்கி, இருமிக்கிட்டே ஏறி வந்தேன். அந்தப் படியில கைப்பிடி வேற ஆடுது, அதையும் அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன்..."

"போதுங்க" என்றார் டாக்டர். ஏழாம் நம்பர் காகிதத்தை எடுத்துக் கீழே போட்டார். "மெக்கானிக் சார், நான் எடுக்க ஆரம்பிக்கிறேன். பேசிக்கிட்டே இருங்க. பேச்சு நின்னா நானும் நிறுத்திடுவேன்."

டீச்சர் அட்டைகளைத் திருப்பினார். மெக்கானிக் பூட்டு என்றார். சீப்பு என்றார். ஏணி என்றார். ஒரு மாடிகூடத் தவறவில்லை. அடுத்து அந்த அட்டை வந்தது.

"குடை" என்றார் மெக்கானிக்.

டீச்சரின் புருவம் சட்டென்று ஏறியது. "இப்ப ஏன் குடைன்னீங்க?"

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "அவரு இன்னும் லைன்ல இருக்காரு டீச்சர்."

ஸ்பீக்கர் ஒரு நிமிஷம் கரகரத்தது.

"நான் அப்பவே போனை வச்சுட்டேன் மாப்பிள்ளை" என்றது மாமனாரின் குரல். "நீங்க சொல்லுங்க."