தலை ஆடிச் சீரில் ஓர் இறக்கை

ஆனி மாதம் முடியப் போகிறது. அழகுமலை இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை.

ஜெகதாப்பட்டினத்துக் கடலில் வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான். இடுப்பளவு வந்த பிறகு பலகையில் மண்டியிட்டு, காற்றடைத்த பாயைக் கையில் பிடித்துக்கொண்டு, மெல்ல எழுந்து நிற்க வேண்டும். பலகைக்கு அடியில் ஓர் அலுமினியத் தண்டு. தண்டின் முனையில் குட்டி விமானம் போல முன்னால் ஓர் இறக்கை, பின்னால் அதைவிடச் சிறிதாக ஒன்று. வேகம் கூடினால் முன்னிறக்கை பலகையையும் ஆளையும் சேர்த்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். ஹைட்ரோஃபாயில் என்று பெயர். தூக்க வேண்டும். தூக்கவில்லை.

கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் துணைக்கு உள்ளூர் மீனவன் ஐயப்பனின் ஃபைபர் படகு பக்கத்திலேயே நின்றது.

"அண்ணே, இன்னைக்காவது கெளம்புமா, இல்ல கயித்தைப் போட்டு இழுக்கட்டுமா?"

"ஒன்னையப் படகோட வரச் சொன்னேன். வாயோட வரச் சொல்லல."

"சும்மா இருந்தா தூக்கம் வருதுண்ணே. நான் தூங்கிட்டேன்னு வைங்க, கச்சான் ஒங்களை அங்கிட்டுத் தள்ளிக்கிட்டுப் போயிரும். லங்கா நேவிக்காரன் புடிச்சான்னா, படகுன்னு எழுதுறதா பலகைன்னு எழுதுறதான்னு அவனே முழிச்சுப்புடுவான்."

அழகுமலை பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பலகை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்திருந்தார்.

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. மஸ்கட்டில் கடலோர ஹோட்டல் ஒன்றில் பல வருடம் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர். விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் அவர் சாவியின் கீழ்தான். ஓய்வு நேரத்தில் ஹோட்டல் பலகையில் ஏறிக் கற்றுக்கொண்டார். அதே ஹோட்டலில் கணக்குப் பிரிவில் இருந்த புதுக்கோட்டைப் பையன் அரவிந்த்குமாரும் கூடவே கற்றுக்கொண்டான். எத்தனை முறை விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அழகுமலை தன் மகள் சுகுணாவை அவனுக்குக் கொடுத்தார். வைகாசியில் கல்யாணம் முடிந்தது.

ஊர் திரும்பும் முன் இருவரும் ஒரே கடையில், ஒரே கம்பெனிச் சாமான் வாங்கினார்கள். தண்டு விஷயத்தில் அழகுமலை சரியாக நடந்துகொண்டார். நீளத் தண்டு எடுக்கச் சொன்ன கடைக்காரனிடம், எங்கள் கடல் ஆழமில்லாதது, அடியில் முழுக்கக் கடல்புல், தண்டு சேற்றில் குத்தும் என்று சொல்லிக் குட்டையானதை எடுத்தார். இறக்கையில்தான் சறுக்கினார். பெரிய இறக்கை மெதுவான வேகத்திலேயே தூக்கும், கனத்த உடம்புக்கு அதுதான் வசதி என்ற கடைக்காரன், அதோடு நிறுத்தியிருக்கலாம். "கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் எடுப்பார்கள்" என்று சேர்த்துச் சொன்னான். அழகுமலையின் கை அப்போதே பந்தயக்காரர்களின் ஒடுங்கிய சிறிய இறக்கைக்குப் போய்விட்டது. ஒடிசலான அரவிந்த்குமார் கொஞ்சமும் கூச்சமில்லாமல் பெரியதை எடுத்துக்கொண்டான்.

இப்போது பெரியது வேண்டும். வேறு கம்பெனி இறக்கை இந்தத் தண்டில் பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆடி போய்விடும், காற்றும் போய்விடும். முதல் ஆடிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்தாயிற்று. சீருக்கு வரப்போகும் சம்பந்தி ரெங்கராஜ் போனிலேயே கேட்டுவிட்டார்: "சம்பந்தி, நீங்க தண்ணி மேல பறக்குறீங்களாமே? நேர்ல பாக்கணும்." இவரும், "வாங்க, காட்டுறேன்" என்று சொல்லிவிட்டார். அழகுமலை வீட்டில் சொன்ன வார்த்தை இதுவரை தவறியதில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி அமுதவல்லி பேச்செடுத்தார்.

"மாப்பிள்ளைகிட்ட அந்தப் பெரிய ரெக்கை இருக்குதானே? ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "பொண்ணக் குடுத்த எடத்துல கை நீட்டச் சொல்றியா?"

"நீட்ட வேணாம். லேசா அசைங்க."

"எங்கப்பா ஆவுடையார்கோயிலுக்கு என் அக்காவைக் கட்டிக்குடுத்தாரு. அந்த ஊருக்குப் போனா குடிக்கிற சோடாவுக்குக்கூட அவர்தான் காசு குடுப்பாரு. தெரியும்ல?"

"தெரியும். தாகத்தோடயும் வந்திருக்காரு. அதுவும் தெரியும்" என்று ரசத்தை ஊற்றினார் அமுதவல்லி.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் மகளும் மாப்பிள்ளையும் காரில் வந்தார்கள். காரின் மேலே அரவிந்த்குமாரின் பலகை கட்டியிருந்தது. சாயங்காலம் அவன் கடலில் இறங்கியதைக் கரையில் நின்று பார்த்தார் அழகுமலை.

காற்று பலமாக இருந்தது. பலகை உடனே எழுந்தது. ஆனால் நிற்கவில்லை. பெரிய இறக்கை அந்த ஒல்லி உடம்பை அளவுக்கு மேல் தூக்கித் தண்ணீருக்கு வெளியே வந்தது. பிடிப்பு விட்டுப்போய்த் தொப்பென்று விழுந்தான். எழுந்தான், சிரித்தான், மறுபடி விழுந்தான்.

"ஆடிக் காத்துக்கு இது ஆகாது மாமா" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். "சின்னதா ஒண்ணு பாக்கணும். அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்."

மாமனாரிடம் சின்னது இருப்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று அழகுமலைக்கு மனம் நிறைந்தது. அன்றைக்கு வெகுநேரம் அவர் அலமாரி முன்னால் நின்றார். மாற்றிக்கொள்ளலாம் என்று வாய் திறந்தால் அது கேட்டதாகிவிடும். கேட்காமல் செய்யக்கூடியது ஒன்றுதான் உண்டு. சின்னதைக் கொடுத்துவிட்டால் தன் பலகைக்கு இறக்கையே இருக்காது. சம்பந்தி கேட்டால், இந்த வருடம் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அது தன் ஒருவனுக்குத் தலைகுனிவு. மாப்பிள்ளைக்கு வேண்டியதை அலமாரியில் வைத்துக்கொண்டு வெறும் வேட்டி சட்டையோடு சீரை முடிப்பது வீட்டுக்கே தலைகுனிவு. அலமாரியைத் திறந்தார்.

காலையில் சம்பந்தி வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் வேட்டி, சட்டை, வெற்றிலை பாக்கு, பழம். அவற்றின் நடுவில் மஞ்சளும் குங்குமமும் வைத்த கறுப்பு இறக்கை.

ரெங்கராஜ் கண்ணாடியைச் சரிசெய்து கொண்டார். "இது என்ன சம்பந்தி, ஃபேன் ரெக்கையா? மத்த ரெண்டும் எங்க?"

"மாப்பிள்ளைக்குத் தெரியும்" என்றார் அழகுமலை, முதுகை நிமிர்த்தியபடி.

அரவிந்த்குமார் அதைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். "மாமா, அப்ப ஒங்களுக்கு?"

"சீர் குடுக்கிறவன்கிட்ட அந்தக் கேள்வி கேக்கக்கூடாது மாப்பிள்ளை. வாங்கிக்கங்க."

அவன் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினான். சுகுணா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது அவளும் அமுதவல்லியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டது அழகுமலையின் கண்ணில் பட்டது. என்னவோ என்று விட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் சுகுணா திரும்பி வந்தாள். கையில் அதே தாம்பாளம். அதில் வெற்றிலை, ஒரு தேங்காய், தாம்பாளத்தின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு அந்தப் பெரிய இறக்கை.

"என்னாத்தா இது?" என்றார் அழகுமலை. குரல் ஏறியது.

"சீர் வந்த தாம்பாளம்ப்பா. திருப்பிக் குடுக்கிறோம்."

"தேங்காய் போதும்."

"வெறுந்தட்டா திருப்பக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? பக்கத்து வீட்டுக் கொழம்புக் கிண்ணத்துல நாலு வெங்காயமாவது போடாம நீங்க என்னைக்காவது விட்டிருக்கீங்களா? நான் வாக்கப்பட்ட வீட்டுலேருந்து மட்டும் தாம்பாளம் கொறைச்சலாத் திரும்பணுமா?"

அழகுமலை தன் மனதில் இருந்த வழக்கங்களை எல்லாம் ஒரு முறை புரட்டிப் பார்த்தார். திருப்பும் தட்டில் வைக்கும் பொருள் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. மறுத்தால் மகள் புகுந்த வீட்டுக்கு அவமரியாதை. அவரே கட்டிய வேலி, வழி விடாமல் அவரைச் சுற்றி நின்றது.

"குங்குமம் வைக்கல" என்றார் கடைசியில்.

அமுதவல்லி குங்குமச் சிமிழோடு தயாராக நின்றிருந்தார்.

அழகுமலை தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். ரெங்கராஜ் மெதுவாக மகன் பக்கம் சாய்ந்து, "இப்ப ரெண்டு ரெக்கை ஆச்சு. ஃபேன் எங்கடா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. அழகுமலையும் சிரித்தார், ஆனால் எல்லோரும் முடித்த பிறகு.

மாலையில் கரையில் நாற்காலி போட்டுச் சம்பந்தி உட்கார்ந்தார். ஐயப்பன் படகில் தயாராக இருந்தான்.

"அண்ணே, கயிறு கொண்டாந்திருக்கேன்."

"வச்சுக்க. ஒனக்கு வேண்டியிருக்கும்."

பெரிய இறக்கை பூட்டிய பலகையில் அழகுமலை எழுந்து நின்றார். பாயில் காற்று நிறைந்தது. பலகை தண்ணீரைச் சலசலவென்று தட்டிக்கொண்டே ஓடியது. கரையிலிருந்து அமுதவல்லியின் குரல் வந்தது: "முழங்காலை மடக்குங்க! நட்டுவச்ச கல்லாட்டம் நிக்காதீங்க!" மடக்கினார், கொஞ்சமாக. அடுத்த நொடி சலசலப்பு நின்றது. காதில் காற்று மட்டும். குனிந்து பார்த்தால் தண்ணீர் கீழே இருந்தது. அதற்கும் கீழே கடல்புல் பச்சையாக ஓடியது.

படகிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. ஐயப்பன் இன்ஜினைக் கிளப்பிப் பின்னால் வருவதில் மும்முரமாக இருந்தான்.

பாதி தூரத்தில் வலப்பக்கம் ஒரு நிழல் சீறிக்கொண்டு வந்தது. அரவிந்த்குமார். இந்த முறை அவன் தள்ளாடவில்லை, விழவில்லை. சின்ன இறக்கையின் மேல் அம்பு போல வந்தவன், மாமனாருக்கு இணையாக வந்ததும் தயங்கிப் பாயைத் தளர்த்தினான்.

"போங்க மாப்பிள்ளை!" என்று அழகுமலை கத்தினார். "நிறுத்தாதீங்க!"

அவன் கடந்து போனான். கரையில் கைதட்டல் கேட்டது. அது யாருக்கு என்று அழகுமலை திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போவது தன் வீட்டுச் சீர். ஊர் பார்க்கட்டும் என்று முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே பறந்தார்.