பரிசு பெற்ற பராமரிப்பு

"அந்தப் பலகையைக் கழட்டு. வண்டி வாசல்ல நிக்குது" என்றான் கணவன்.

மாமியார் அப்போது பாதிதான் எழுந்திருந்தார். இடுப்பைச் சுற்றிப் பட்டை, முழங்காலுக்கு முன்னால் மெத்தை சுற்றிய குழாய். நல்ல கை கம்பியைப் பிடித்திருந்தது. வாதம் வந்த கை தன்பாட்டுக்குத் தொங்கியது. மருமகள் பட்டையை இறுகப் பிடித்தபடி, மாமியாரின் பாதத்துக்குக் கீழிருந்த வட்டத் தட்டைத் தன் கால் நுனியால் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தாள். தட்டு சுழன்றால் மாமியாரும் சுழல்வார். சுழன்று முடித்தால் பின்னால் கழிப்பறை நாற்காலி.

"அத்தை இன்னும் உக்காரவே இல்ல" என்றாள்.

"உக்கார வச்சிட்டுக் கழட்டு. எனக்குப் போட்டிக்கு நேரமாச்சு."

"திரும்ப எப்படிப் படுக்க வைக்கிறது?"

"இது வர்றதுக்கு முன்னாடி எப்படிப் பண்ணுனே? ஒரு நாள்தானே?"

"அப்படிப் பண்ணித்தான் என் இடுப்பு போச்சு."

நாற்காலியில் இறங்கிய மாமியார், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயால் சொன்னார்: "டேய், உங்கப்பன்கூட என்னை இதுல அவசரப்படுத்தினது இல்ல."

அவன் காதில் அது விழவில்லை. பலகையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பலகை மருமகள் செய்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவளாக இருந்தாள். மாமியாருக்கு வாதம் வந்த வாரம் குடும்பம் கூடிப் பேசியது. "யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கணும்" என்றார்கள். அந்த வீட்டில் 'யாராவது ஒருத்தர்' என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மறுவாரம் வேலையை விட்டாள். வேலையை விட்ட கை சும்மா இருக்கவில்லை. உடைந்த ஆபீஸ் நாற்காலியின் சுழலும் பாகத்தை ஒரு கனத்த பலகையில் பொருத்தி, வெல்டிங் கடை அண்ணனிடம் குழாயை வளைத்து வாங்கி, பழைய கார் சீட் பட்டையைத் தைத்து, கடைசியில் ஒரே ஆள் முதுகு ஒடியாமல் ஒரு கனத்த உடம்பைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற முடியும் என்றாக்கினாள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வேலை செய்யும். தெருவில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்த மூன்று வீடுகளில் அதேபோல் ஒன்று வந்து சேர்ந்தது. 'சுத்துப் பலகை' என்று தெருவே பெயர் வைத்தது.

கணவனுக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது: ஃபவுண்டர். விற்பனை வேலையை விட்டுவிட்டு அவன் கம்பெனி ஆரம்பித்திருந்தான். கம்பெனிக்குப் பெயர் இருந்தது, முத்திரை இருந்தது, முத்திரை போட்ட சட்டைகூட இருந்தது. விற்பதற்குத்தான் எதுவும் இருக்கவில்லை. ஆகவே வீட்டுக்குள் கிடந்ததை எடுத்துக்கொண்டு புதுக் கண்டுபிடிப்புகளுக்கான போட்டிக்குப் போனான்.

அன்று பகல் முழுக்க மாமியார் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். தொடை மரத்துப்போய் முனக ஆரம்பித்ததும் மருமகள் வெறும் கையால் தூக்கிப் படுக்க வைத்தாள். படுக்க வைத்துவிட்டுத் தரையில் தானும் படுத்துக்கொண்டாள். எழுந்திருக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் விழுந்துட்டோம். இனிமே நம்மள யாரு தூக்குறது?" என்றார் மாமியார் கட்டில் மேலிருந்து. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தால் அவளுக்கு இன்னும் வலித்தது.

சாயங்காலம் அவன் வந்து பலகையைக் கூடத்தில் தொப்பென்று போட்டான்.

"மானம் போச்சு. 'இதுல டெக்னாலஜி எங்க?'ன்னு கேக்குறான். 'இத ஒரு வெல்டிங் கடையில யாரு வேணாலும் பண்ணிடலாமே'ங்கிறான் இன்னொருத்தன்."

"பண்ணிடலாம்தான். அதுதானே இதுல நல்ல விஷயம்?"

"அதுதான் இதுல இருக்குற கேடு! யாரு வேணாலும் பண்ணிட்டா அதுக்குப் பேரு புதுமையா? அவனவன் என்னமா யோசிச்சிட்டு வந்திருக்கான் தெரியுமா? முதல் பரிசு எதுக்குன்னு கேளு. நாய்க்கு மனசு சரியில்லைன்னா அதுவே கண்டுபிடிச்சுப் பாட்டுப் போடுற கழுத்துப்பட்டை."

"நாய் சரின்னு சொல்லுச்சா?" என்றாள் அவள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

அதன்பிறகு அவன் கண்ணாடிக்கார நண்பன் ஒருவனை வீட்டுக்கு அழைத்து வர ஆரம்பித்தான். மென்பொருள் எழுதுகிறவன். செருப்பைக் கழற்றாமல் படுக்கையறைக்குள் வந்தான். மாமியாரைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை, மெத்தையைத்தான் பார்த்தான். மெத்தைக்கு அடியில் ஒயர்கள் போயின. தலைமாட்டில் ஒரு திரை முளைத்தது. சுத்துப் பலகை கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்டது. ஒருநாள் காலை அந்தத் திரை தேன் தடவிய இளம்பெண் குரலில் பேசியது:

"அம்மா, காலை வணக்கம். நீங்கள் இடப்பக்கம் நெடுநேரம் படுத்திருக்கிறீர்கள். திரும்பிப் படுக்கலாமா?"

மாமியார் திடுக்கிட்டார். "யாருடா இவ?"

"அது ஏஐ மா. செயற்கை நுண்ணறிவு."

"என்னை ஏன் அம்மாங்கிறா? இவளப் பெத்ததா எனக்கு ஞாபகமே இல்லையே."

கண்ணாடிக்காரன் முகத்தில் சிரிப்பே வரவில்லை. "ஆன்ட்டிகிட்ட எமோஷனல் கனெக்ட் வருது பாரு" என்று கணவனிடம் சொன்னான்.

அதே நேரத்தில் சமையலறையில் மருமகளின் கைபேசி கூவியது. 'நோயாளியைத் திருப்ப வேண்டும். பராமரிப்பாளர் உடனே வரவும்.' கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து திருப்பினாள். முன்பும் அவள்தான் திருப்பினாள், ஆனால் தன் கணக்கில் திருப்பினாள். இப்போது கூவிக் கூப்பிடுகிறது. தாமதமானால் திரையில் சிவப்பு வந்தது. கணவன் எங்கோ டீக்கடையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பைத் தன் கைபேசியில் பார்த்துவிட்டு, "என்ன பண்ணிட்டு இருக்கே?" என்று கூப்பிட்டுக் கேட்டான். அம்மாவைப் பற்றி அவனுக்கு இவ்வளவு அக்கறை இதற்கு முன் வந்ததில்லை.

அடுத்த போட்டியில் முதல் சுற்று தேறினான், இரண்டாம் சுற்றும் தேறினான். இறுதிச் சுற்றுக்கு அம்மாவையே மேடையேற்ற வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் ஆசைப்பட்டார்கள். அம்மாவைக் காரில் ஏற்றியதும் இறக்கியதும் சுத்துப் பலகைதான். வேறு வழியில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த மறுகணமே, "அதை டிக்கியில போடு, கேமராவுல விழுந்துடப் போகுது" என்றான்.

குளிரூட்டிய பெரிய அரங்கம். மருமகள் கடைசி வரிசைக்குப் பின்னால், மாமியாரின் மாற்றுத்துணிப் பையுடன் நின்றாள். மேடையில் கணவன் காதோரம் மைக் வைத்துக்கொண்டு நடந்து நடந்து பேசினான். "என் அம்மா விழுந்த அன்னிக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன்" என்றான். அன்று அவன் ஊரிலேயே இல்லை. பின்னால் பெரிய திரையில் ஒரு படம் வந்தது. நடுவில் சிரிக்கும் ஒரு தாய். அவளைச் சுற்றி மேகம், மருத்துவர், மகன், கைபேசி. எல்லோருக்கும் முகம் இருந்தது. மேகத்துக்குக்கூட ஒரு புன்னகை வரைந்திருந்தார்கள். கீழ் மூலையில் முகமில்லாத ஒரு சாம்பல் உருவம், அதன் அடியில் 'பராமரிப்பாளர்' என்று எழுதியிருந்தது.

நடுவர்களில் ஒரு பெரிய மனிதர் அந்த மூலையைச் சுட்டினார். "தகவல் வருது சரி. போய்ச் செய்யறதுக்கு ஆள் வேணுமே. அந்தச் செலவு?"

நல்ல கேள்வி. அன்று அந்த அரங்கில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

"செலவே இல்ல சார்" என்றான் கணவன், ஒரு நொடிகூடத் தயங்காமல். "அது ஃபேமிலியிலேயே கிடைச்சிடும்."

பெரிய மனிதர் திருப்தியாகத் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

'கிடைச்சிடும்.' மருமகள் துணிப்பையை மாற்றிப் பிடித்தாள். தோட்டத்தில் கீரை கிடைப்பதுபோல, அடுப்பங்கரையில் விறகு கிடைப்பதுபோல. அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளைச் சுட்டது. கிடைத்துக்கொண்டுதானே இருந்தாள்?

பிறகு செயல்முறை விளக்கம். திரை மாமியாரிடம் குழைந்தது: "அம்மா, இப்போது நீங்கள் எழுந்திருக்கலாம்."

அரங்கம் மூச்சைப் பிடித்தது. மாமியார் திரையை மேலும் கீழும் பார்த்தார். யாரோ மைக்கை அவர் வாயருகே நீட்டினார்கள்.

"எந்திரிக்க முடிஞ்சிருந்தா முதல் வேலையா உன்னைத் தூக்கி வெளிய போட்டிருப்பேன்டி."

அரங்கம் இடிந்து விழுகிறாற்போலச் சிரித்தது. கைதட்டல் ஓயவே இல்லை. பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன ஒரு உறவு! மனுஷனுக்கும் மெஷினுக்கும் நடுவுல என்ன ஒரு உறவு!" என்றார். "என்னைத் தூக்குறவ அதோ கடைசியில நிக்கிறா" என்று மாமியார் தொடர்ந்து சொன்னதை யாரும் கேட்கவில்லை. மைக் அதற்குள் நகர்ந்துவிட்டது.

முதல் பரிசு. புகைப்படம் எடுக்கும் நேரத்தில் மருமகள் மாமியாரைக் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். பலகை கார் டிக்கியில் இருந்ததால், அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒரு பக்கம் கைகொடுத்தாள்.

பரிசோடு அந்தப் பெரிய மனிதரும் வந்து சேர்ந்தார், ஆலோசகராக. அவருடைய முதல் ஆலோசனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவன் வீட்டுக்குள் இறக்கி வைத்தான்.

"தெருவுல மூணு வீட்டுல அந்தப் பலகை இருக்கில்ல? அதத் திருப்பி வாங்கிட்டு வந்துடு."

"எதுக்கு?"

"முதலீடு போடுறவங்க நம்ம தெருவுக்கே வந்து பாக்கப் போறாங்களாம். ஒரு மரக்கட்டையே போதும்னு அவங்களுக்குத் தோணிட்டா எவன் நம்ம சிஸ்டத்துல பணம் போடுவான்? அது நம்ம பேரையே கெடுத்துடும்னு சார் சொல்றாரு."

"போதும்னு தோணும். போதும்தானே?"

"விவாதம் வேண்டாம். நீ குடுத்தது, நீயே போய் வாங்கிட்டு வா. பதிலுக்கு நம்ம மெத்தையைச் சலுகையில தர்றோம்னு சொல்லு."

"அந்த மெத்தை தையல்கார அக்காவோட மாமனாரைத் தூக்குமா?"

"தகவல் குடுக்கும்."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தார். அவன் கூடத்துக்குப் போனதும் ஒரு கண் திறந்தது.

"போ" என்றார் மெல்ல. "சொன்ன வேலையைச் செய். அவசரமே இல்லாம செய்."

"நீங்க எழுந்திரிக்கணும்னா, அத்தை?"

"நான் பெத்தவளா நீ? நான் பெத்தவன் கூடத்துல உக்காந்திருக்கான். நான் கொஞ்சம் நனைஞ்சாலும் பரவாயில்ல. கூப்பிட்டாலும் வந்துடாதே."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்து, சுவரோரம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். கைபேசியை எடுத்துப்போய்க் கூடத்தில் கணவனின் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

தையல்கார அக்கா நான்கு வீடு தள்ளி இருந்தாள். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு விடுமுறை, வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா வியர்வையில் நனைந்து அவருடைய அப்பாவுக்குப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பலகையைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காரு, அக்கா" என்றாள் மருமகள்.

அக்காவின் கை நின்றுவிட்டது. "அய்யோ! இது இல்லாம நான் இவர எப்படி..."

"குடுக்க வேண்டாம். நான் அதுக்கு வரல." வாசல் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க. இது உங்க அப்பாதானே? எப்படித் தூக்குறதுன்னு காட்டுறேன்."

"நானா?" ஓட்டுநர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லம்மா."

"உங்க பஸ்ஸு ஒரு யானை கனம். அத வளைச்சுத் திருப்புறீங்க. இது ஒல்லியான மனுஷன்."

அவர் வேறு வழியில்லாமல் எழுந்து வந்தார். முதலில் பட்டையை நெஞ்சில் கட்டினார். கட்டிலில் இருந்த கிழவர், "டேய், கழுத்தை நெரிச்சுடாதே" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகள் அவர் கையைப் பிடித்துப் பட்டையை இடுப்புக்கு இறக்கினாள். எந்தக் காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று காட்டினாள்.

இரண்டாம் முறை முயற்சிக்கும்போது தெருவில் ஓடிவரும் சத்தம் கேட்டது. கணவன். காலில் செருப்பில்லை. பரிசு வாங்கிய அதே முத்திரைச் சட்டை. கையில் அவளுடைய கைபேசி விடாமல் கூவிக்கொண்டிருந்தது: 'பராமரிப்பாளர் உடனே வரவும்.'

"அம்மா எழுந்திரிக்கணுமாம்" என்றான், மூச்சு வாங்க.

"தகவல் வந்துடுச்சா?" என்றாள்.

"விளையாடாதே. அந்தப் பலகையில எப்படி நிக்க வைக்கிறது? எந்தப் பக்கம் திருப்பணும்? சீக்கிரம் வா."

ஓட்டுநரும் அக்காவும் அவனையே பார்த்தார்கள். கட்டிலில் இருந்த கிழவரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவன் படம் போன வாரம்தான் செய்தித்தாளில் வந்திருந்தது. மூன்று பேரும் பார்த்திருந்தார்கள்.

"பட்டையை இடுப்புல மாட்டுங்க. முட்டியை அந்த மெத்தையில ஒட்ட வைங்க. அத்தை எந்திரிச்சதும் தட்டை உங்க காலால தள்ளுங்க, இழுக்காதீங்க. அத்தைகிட்டயே கேளுங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

"நீ வரலையா?"

"மூணு வீட்டுக்குப் போகச் சொன்னீங்க. இது முதல் வீடு."

அவன் அவளைப் பார்த்தான், சுற்றியிருந்தவர்களைப் பார்த்தான். கைபேசி மறுபடி கூவியது. அதை எப்படி நிறுத்துவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினான்.

அத்தை நனைந்திருப்பார். போய்விடலாமா என்று கால் ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பியது. திரும்பிய காலை மறுபடி ஊன்றிக்கொண்டாள்.

"விடுங்க அக்கா, நீங்க புடிக்காதீங்க" என்றாள். "அண்ணனே தூக்கட்டும்."