வாணியம்பாடிக்காரர்களுக்குத் திரை போட்ட வண்டி

“மாடிப்படி எத்தினின்னு எண்ணினியாடா? அத்த மொதல்ல சொல்லு” என்று ஜைதூன் பீ கத்தியபோது என் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் இறக்கவில்லை. இறக்கப் போனால் மெஹபூப் அலி சொல்லும் பதில் காதில் விழாது.

ராயப்பேட்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஜைதூன் பீக்குச் சாதாரணக் கோபம் வந்தால் உருதுவில் திட்டுவாள். மிஞ்சிவிட்டால் தமிழுக்கு வந்துவிடுவாள். அன்று காலை ஆறரை மணியிலிருந்தே தமிழ்தான்.

அவள் தம்பி மெஹபூப் அலி படியை எண்ணவில்லை. லாட்ஜைப் பார்த்ததாகவும், அறைகள் காற்றோட்டமாக இருப்பதாகவும், கீழேயே சாப்பாடு கிடைப்பதாகவும் சொன்னார். மாடியில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று ஜைதூன் பீ கேட்டாள். ஆபீஸ் குமாஸ்தாக்கள் சிலர், குதிரைப் பந்தயத்துக்கு வந்தவர்கள் சிலர். அவ்வளவுதான், பித்தளைச் செம்பு ஒன்று பறந்து எங்கள் சுவரில் மோதியது. கோஷா பெண்கள் ஆறு பேர், துண்டைக் கட்டிக்கொண்டு பல் தேய்க்கிற ஆண்களுக்கு நடுவே படியேற வேண்டுமா என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. செம்புக்கு அடிபட்டதுதான் அநியாயம்.

விஷயம் குல்ஷனுடைய கல்யாணம். ஜைதூன் பீக்கும் அத்தர் கடை அப்துல் கரீமுக்கும் அவள் ஒரே பெண். வயது இருபது ஆகிவிட்டது. நிச்சயம் ஆகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் படுப்பதும் இல்லை, சோறு தின்பதும் இல்லை என்பது அவர்கள் வழக்கம். சொந்தக்காரர் வீட்டில் தங்கவைக்கலாமென்றால், அதை ஆம்பூர்க்காரர்கள் விஷயத்தில் போன வருஷமே செய்து பார்த்தாயிற்று. தங்கிய வீட்டு அம்மாள் பெண்ணின் கோபத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். ஆம்பூர் மறுநாளே ரயிலேறிவிட்டது. ஆகவே இந்த முறை வாணியம்பாடித் தோல் மண்டிக்காரர்களுக்குத் தனி இடமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர்கள் எழுதிய கடிதத்தை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்கு உருது தெரியாது என்பதால் குல்ஷன் படித்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பேர் வருகிறார்கள். பட்டணத்தை ஐந்து நாள் சுற்றிப் பார்ப்பார்கள்: கடற்கரை, செத்த காலேஜ் என்கிற மியூசியம், உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலை, தியாகராய நகர்க் கடைகள். நடுவில் ஒரு நாள் பெண்ணையும் பார்ப்பார்கள். தங்குமிடத்தில் தனி முற்றம், தனிக் குழாய், தனிக் கக்கூஸ். எதிர் மாடியிலிருந்து பார்வை விழக்கூடாது. வண்டிக்கு நான்கு பக்கமும் திரை. குல்ஷன் மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல வாசித்து முடித்து, மடித்துக் கொடுத்தாள்.

தம்பியை நம்பிப் பயனில்லை என்று ஜைதூன் பீயே பர்தாவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் துணைக்குப் போனேன். அவள் கூப்பிட்டாள் என்று சொல்ல மாட்டேன்.

மயிலாப்பூர்க் குளத்தருகே ஒரு ஓட்டலில் மேனேஜர் என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார். “பேஷா தங்கலாம், குடும்பஸ்தாளுக்குன்னே பின்னால ரெண்டு ரூம் ஒதுக்கி வெச்சிருக்கோம்” என்றார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற பர்தாவைப் பார்த்தார். இரண்டு ரூமும் அந்த நிமிஷமே நிரம்பிவிட்டன. ஜைதூன் பீ விறுவிறுவென்று வெளியே நடந்தாள். தெருவுக்கு வந்ததும், அந்தப் பின்கட்டில் வௌவால் குடியேறட்டும் என்றாள், தமிழில். தியாகராய நகரில் பார்த்த இடம் புதிதாக, அழகாக இருந்தது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு; பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை.

கடைசியில் இடம் கிடைத்தது என்னால்தான். அபிராமபுரத்தில் எனக்குத் தெரிந்த பேச்சியம்மாள் இருந்தாள். திருநெல்வேலிக்காரி; கணவர் ராஜரத்தினத்துக்கு ஜவுளிக்கடை. நாங்கள் முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை. “பொம்பளைங்க தங்கதுக்கு எதுக்கு ஓட்டலு? பின்கட்டு சும்மால்லா கெடக்கு” என்றாள். கிணறு, முற்றம், பின் சந்தில் தனி வாசல், எல்லாம் இருந்தன. கறி சமைக்கலாமா என்று ஜைதூன் பீ தயங்கிக் கேட்டதற்கு, தன் வீட்டிலேயே நொச்சிக்குப்பத்து மீன் இல்லாத ஞாயிறு கிடையாது என்று சிரித்தாள்.

மிச்சம் இருந்தது வண்டி. இதையாவது நான் செய்கிறேன், ஆபா, என்று மெஹபூப் அலி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அக்காளும் விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு.

யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகியும் பெட்ரோலுக்குக் கூப்பன்தான். வாடகைக் கார் கிடைக்கவில்லை. டிராமில் திரை ஏது? அந்த வெள்ளிக்கிழமை பெரிய முகூர்த்தம் வேறு. திரை போட்ட ஜட்காக்களைக் கல்யாண வீட்டார் ஒரு வாரத்துக்கு முன்பே பேசி வைத்துவிட்டார்கள். மெஹபூப் அலிக்கு மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு டாக்கீசில் டிக்கெட் கிழிக்கிற வேலை. அங்கே படத்துக்கு விளம்பரம் செய்யப் பெரிய குதிரை வண்டி ஒன்று இருந்தது. நோட்டீஸ் கொடுப்பவர்களும் தமுக்கு அடிப்பவரும் வெயில் படாமல் உட்கார நான்கு பக்கமும் கெட்டித் திரை. இவர் திரையை இழுத்து இழுத்துப் பார்த்தார். திரைக்கு மேலே தட்டியில் ஒட்டியிருந்த படத்தைப் பற்றி வண்டிக்கார இனாயத் கேட்டதற்கு, கிழித்துவிடு என்றார். இனாயத் ஒரு பக்கம் கிழித்தான். மற்றப் பக்கங்களில் பசை இறுகிப்போயிருந்தது. இவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வெளியே இருப்பது எப்படித் தெரியும்?

தெரியவில்லைதான். சென்ட்ரல் ஸ்டேஷனில் கூட்ட நெரிசலில் பெண்கள் ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிட்டார்கள். ஆண்கள் மூவரும் டிராமில் முன்னாலேயே போய்ப் பேச்சியம்மாள் வீட்டு முன்திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குதிரைக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. நாலு வருஷமாக ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று பழகிய குதிரை அது. தமுக்கு அடித்து, நோட்டீஸ் கொடுத்து முடிக்கிற நேரம் நிற்கும், அப்புறம்தான் நகரும். இனாயத் சாட்டையை எடுத்தும் பயனில்லை. முனைக்கு முனை வண்டி நின்றது, ஜனம் கூடியது, பிள்ளைகள் நோட்டீஸ் கேட்டுத் திரைக்குள் கையை விட்டார்கள். எங்கள் தெருமுனையிலும் நின்றதாம். குல்ஷன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். யாருடைய வண்டி என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

ஜைதூன் பீயும் நானும் அபிராமபுரத்துப் பின்வாசலில் காத்திருந்தோம். வண்டி சந்தில் திரும்பியதும் ஜைதூன் பீ என் கையைப் பிடித்தாள். நகக்குறி மூன்று நாள் இருந்தது.

முதலில் இறங்கியவள் மாப்பிள்ளையின் தாய் அஸ்மத்துன்னிசா. இறங்கி, இடுப்பை நிமிர்த்தி, அண்ணாந்து பார்த்தாள். அவள் தலை இருந்த இடத்துக்கு நேர் மேலே நாலடி உயரப் படத்தில் ஒரு நடிகை, பாதி இடுப்பு தெரிய, கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தாள்.

“இதுக்குக் கீழயா எங்கள உக்கார வச்சு ஊரெல்லாம் சுத்தினீங்க?” என்றாள் அஸ்மத்துன்னிசா, தமிழிலேயே. குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய நேரத்தில் மெஹபூப் அலி விளக்கம் சொன்னார். “உங்கள ஒர்த்தரும் பாக்கலம்மா. எல்லாரும் அந்த அம்மாவத்தான் பாத்துக்கினு இருந்தாங்க.”

பேச்சியம்மாள் மோர் கொண்டுவந்து நீட்டினாள், யாரும் தொடவில்லை. சாயங்கால வண்டிக்கே திரும்புவதாக அஸ்மத்துன்னிசா சொன்னாள். ஜைதூன் பீ மன்னிப்புக் கேட்டாள். தம்பி முட்டாள் என்றாள், மறுநாளே வேறு வண்டி என்றாள், பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டாவது போங்கள் என்றாள். ஜைதூன் பீ கெஞ்சி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். காதுக்கு நன்றாகவே இல்லை.

“ஒரு வண்டி பாக்கத் தெரியாதவங்க பொண்ண எப்படி வளத்திருப்பீங்க? அத வேற வந்து பாக்கணுமா?”

கெஞ்சல் அங்கே நின்றது. ஜைதூன் பீ முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ரெண்டு பக்கம் காயிதம் எழுதினீங்களே. கொழாய் கேட்டீங்க, கக்கூஸ் கேட்டீங்க, தெர கேட்டீங்க. எம் பொண்ணு பேரு இன்னான்னு ஒரு வரி கேட்டீங்களா? இப்ப கேக்கறேன், சொல்லுங்க. அவ பேரு இன்னா?”

அஸ்மத்துன்னிசா பெரிய மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய மருமகள் சின்ன மருமகளைப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை.

“அப்ப கெளம்புங்க” என்றாள் ஜைதூன் பீ.

கிளம்புவதற்கும் வண்டி வேண்டுமே. பேச்சியம்மாள் முனையிலிருந்து ஐந்து கை ரிக்‌ஷாக்களைக் கூப்பிட்டாள். கணவர் கடைக்கு வந்திருந்த ஜவுளி மூட்டையிலிருந்து புதுப் படுக்கை விரிப்புகளை உருவி, ஒவ்வொரு ரிக்‌ஷாவையும் சுற்றிக் கட்டினாள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. நான்கு பக்கமும் திரை, ஒரு கண் உள்ளே போகாது. ஜைதூன் பீ அந்த ரிக்‌ஷாக்களையும் பார்த்தாள், தம்பியையும் பார்த்தாள். செம்பு ஏதும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதது மெஹபூப் அலியின் அதிர்ஷ்டம்.

வாணியம்பாடிப் பையனுக்குப் பெங்களூரில் பெண் எடுத்தார்கள். எந்த வண்டியில் போய்ப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். குல்ஷனை அடுத்த வருஷம் ராஜரத்தினத்தின் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்துல் கய்யூமுக்குக் கொடுத்தார்கள். அவன் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. பெண் பார்க்க அவன் தாயும் அக்காள்களும் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். இப்போது குல்ஷனும் கய்யூமும் அடையாறில் இருக்கிறார்கள். குல்ஷனின் கோபத்தைப் பற்றி ஆம்பூர்க்காரர்களிடம் சொன்னது பொய்யில்லை என்று கய்யூம் என்னிடமே ஒரு நாள் ஒப்புக்கொண்டான். மெஹபூப் அலி வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போய்விட்டார். புறப்படுகிற அன்று சொல்லிக்கொள்ள வந்து, வாசலில் அரைமணி நேரம் நின்றார். ஜைதூன் பீ உள்ளே உருதுவில் திட்டிக்கொண்டே இருந்தாள், கதவைத் திறக்கவில்லை.