கைப்பிடியை விடாதவர்

டப்பாவைத் திறந்ததும் காட்டமான வாடை அடித்தது. "அந்தக் காலத்துச் சுருள், பொறி பட்டாப் போதும், கட்டடமே எரிஞ்சிடும்," என்றார் படச்சுருள் பழுதுபார்ப்பவர். படம் பிடித்தவரின் மகளுக்கு அந்த நெருப்பைப் பற்றிக் கவலையில்லை. சுருளுக்குள் இருப்பதை நினைத்துத்தான் பயம்.

பேசாப் படக் காலத்தில், கட்டுமான வேலைகளைத் தேடிப் போய்ப் படம் பிடித்தவர் அவள் அப்பா. பாலத்தின் சாரம் சரியும் அந்தக் காட்சிதான் அவருக்குப் புகழ் தந்தது. ஆட்களும் பலகைகளும் அவ்வளவு மெதுவாக விழுவார்கள். விழுந்து செத்தவர்களில் ஒருவர் அவளுடைய தாய்மாமா. மச்சான் சாகும்போதும் காமிராவின் கைப்பிடியை விடாத கலைஞன் என்று பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடின. கல்நெஞ்சன் என்று சொந்தக்காரர்கள் கரித்துக் கொட்டினார்கள். அப்பா கடைசிவரை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அம்மாவோ அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். போன மாதம் அம்மா இறந்த பிறகு, பெட்டியின் அடியில் கிடைத்தது இது, வெட்டாத முழுக் காட்சி. நாளை அப்பாவின் நூற்றாண்டு விழாவில் இதைப் போட வேண்டும். மாமா கை நீட்டிக் கெஞ்சுவதையும் அப்பா படம் பிடித்திருந்தால்?

"நானே சுத்தறேன்," என்று, சுருளை ஓட்டிப் பார்க்கும் பார்வைப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

காமிராவுக்குப் பின்னால் காலை வெயில். தரையில் அப்பாவின் நிழல். சாரம் சாய்கிறது. காமிரா ஒரு நொடி நின்று மறுபடி ஓடியதுபோல், ஒரே ஒரு கட்டம் வெளுத்துப்போகிறது. பிறகு அந்த மெதுவான விழுதல். அதற்குள் அப்பா படத்துக்குள்ளேயே ஓடி வந்து, மாமாவைத் தேடிப் பலகைகளை வாரி வீசுகிறார்!

படம் நிற்கவில்லை.

"கையால சுத்தினாத்தான் அந்தக் காமிரா ஓடும்," என்றார் பழுதுபார்ப்பவர். "அப்பா அங்க இருக்காரு. அப்போ சுத்துறது யாரு?"

அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். தரையில் இப்போது வேறு நிழல். ஒரு பெண், நிறைமாத வயிறு. சாரம் சரிந்த அடுத்த வாரம்தான் மகள் பிறந்தாள்.

"படம் பிடிக்கிறப்ப வேகமாச் சுத்தினா திரையில மெதுவாத் தெரியும். உங்கம்மா பயத்துல சுத்தியிருக்காங்க. ஐயோ, நீங்களும் மெதுவாம்மா, கிழிஞ்சிடும்!"

அவள் தன் கையைப் பார்த்தாள். அது தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை. மறு கையால் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

"நாளைக்கு முழுசாப் போடுங்க," என்றாள். "படம் பிடிச்சவங்கன்னு ரெண்டு பேர் பேரும் வரட்டும்."

"உங்கம்மா பேரு கெட்டுப்போகாதா?"

"பயந்துபோனவ பேரு ஏன் கெடணும்? அவ பேரு கெடக்கூடாதுன்னுதானே அப்பா வாயே திறக்காமப் பழியைச் சுமந்தாரு. இனி போதும்."