மாதிரிப் போன்

கம்பெனியிலிருந்து ஆள் வந்தபோது டீச்சர் அந்தப் போனின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். ஒளித்துவைத்தார் என்று சொல்லிவிட முடியாது. ஒளித்துவைப்பது என்றால் பீரோ இருக்கிறது, மாவு டப்பா இருக்கிறது. கூடத்து நாற்காலியில் போனை வைத்து, அதன்மேல் ஒரு திண்டைப் போட்டு, திண்டின்மேல் தன் முழு எடையோடு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். வேண்டும் என்கிறவன் எழுப்பி எடுத்துக்கொள்ளட்டும். பாதி ஆயுளைப் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு டீச்சராகக் கழித்தவர். மழை வந்தாலும் மைதானத்தை விட்டுக்கொடுக்காதவர் என்று பேரெடுத்தவர். அப்பேர்ப்பட்டவரைக் கிளப்புவதற்கு அனுப்பியிருந்த ஆள், பாவம், ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்தான்.

"உங்க பொண்ணு சொல்லியிருப்பாங்க மேடம்" என்றான். தோளில் பை, கையில் ஒரு வெள்ளைப் பெட்டி, கக்கத்தில் ஒரு டேப்லட். "உங்ககிட்ட இருக்கிற கம்பெனி மாதிரிப் போனை வாங்கிக்கிட்டு இதைக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. புது மாடல். இன்னும் கடைக்கே வரலை."

"உக்காருங்க தம்பி" என்றார் டீச்சர்.

உட்கார்ந்தான். டீச்சரின் இரண்டு கைகளும் மடியில் கிடந்து தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அவன் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டான். எல்லோரும் செய்வதுதான். இந்த மரியாதை டீச்சருக்கு ஆகவே ஆகாது.

நடுக்கம் ஆரம்பித்த புதிதில் அவர் அதை மதிக்கவே இல்லை. டம்ளர் தளும்பினால் பாதி ஊற்றிக் குடித்தார். பொத்தான் போட வரவில்லை என்றால் பொத்தான் இல்லாத உடுப்பு. நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, தூக்கத்தை நிறையக் கூட்டியது. நாளெல்லாம் தூங்கிவழிய நான் என்ன பூனையா என்று டாக்டரிடமே கேட்டு, மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டார். இத்தனையும் சமாளித்தவரைப் படாத பாடு படுத்தியது போன்தான். கண்ணாடித் திரைக்கு ஈவிரக்கம் கிடையாது. விரல் பட்டால் பட்டதுதான். ஒரு எண்ணை அழுத்தப் போனால் நாலு விழும். டாக்ஸியைக் கூப்பிட்டால் அது ஊரின் இன்னொரு மூலையில் போய் நின்றுகொண்டு, எங்கம்மா இருக்கீங்க என்று கத்தும். ஒருநாள் கரண்ட் பில் கட்டப் போய், ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று முறித்துக்கொண்ட பழைய தலைமையாசிரியைக்கு வீடியோ கால் போய்விட்டது. அந்த அம்மாள் எடுத்தும்விட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, யார் முதலில் வைப்பது என்கிற மானப் பிரச்சினையில் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். வாயால் சொன்னால் போன் கேட்குமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் பேசுகிறவளை இந்தக் கோடியிலிருந்து அடக்கிய குரல், நடுக்கத்தோடு சேர்ந்து தொண்டைக்குள்ளேயே பதுங்கிவிட்டது. மனிதர்களே இரண்டு தடவை கேட்கிறார்கள், போன் எங்கே கேட்கப்போகிறது.

டீச்சருடைய மகளுக்கு ஒரு போன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு போனைத் தூக்கிக்கொண்டு வந்து, தொடும்மா, இன்னொரு தடவை தொடும்மா என்று உயிரை எடுத்தாள். நடுக்கத்தை அளந்து கழித்துவிடலாம் என்று பார்த்தாள். நடுக்கம் நேற்றுப் போல இன்று இல்லை, எதைக் கழிப்பது? அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது.

"ஓட்டப்பந்தயத்துல கோட்டுல நிக்கிறவளுக்குக் கால் ஆடத்தான் பாப்பா செய்யும். அதுக்காக முந்திட்டான்னு விசில் ஊதிடுவியா? ஓடறதுன்னு முடிவு பண்ணினவ உடம்பு வேற மாதிரி இருக்கும். நீ ஏன் ஆட்டத்தையே பார்த்துட்டிருக்கே? முடிவைப் பாரு."

மகள் போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். போட்டு வைத்த சாப்பாட்டைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டாளோ என்று டீச்சருக்கு வாரம் முழுக்க மனசு உறுத்தியது. அதற்கப்புறம் அவள் கொண்டுவந்த போன் வேறு மாதிரி இருந்தது. விரல் படுவதை அது சட்டையே செய்யவில்லை. ஆடுகிற விரல் எந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறது, எப்போது கொஞ்சம் அழுந்துகிறது என்று பொறுமையாகக் காத்திருந்து பார்த்தது. டீச்சர் மகளின் பேரைத் தொட்டார். மேசைமேல் இருந்த மகளின் போன் அடித்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை சும்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கம்பெனி அதற்குக் காப்புரிமை வாங்கியது. கண்டுபிடித்தவர்கள் என்று மகளின் பேர் இருந்தது, அதற்கு முன்னால் அவளுடைய மேலாளரின் பேர். ஏசி ஓடுகிறதா என்று அறைக்குள் எட்டிப் பார்த்ததுதான் மேலாளர் செய்த ஆராய்ச்சி. காப்புரிமைப் பத்திரத்தில் ஒரு படமும் உண்டு. ஒரு கை, ஒரு போன், விரலைச் சுற்றி நடுக்கத்துக்காகப் புள்ளிக்கோடு. என் கை இவ்வளவு லட்சணமாவா இருக்கு என்று டீச்சர் கேட்டார். மகளுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்துக் கைதட்டினார்கள். அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். இப்படிப்பட்ட கை உள்ளவர்கள் எத்தனை பேர் புதுப் போன் வாங்கப்போகிறார்கள் என்று பார்த்துவிட்டு மூட்டை கட்டிவிட்டார்கள். தாங்களும் செய்ய மாட்டார்கள், வேறு யாராவது செய்தால் வழக்குப் போடுவார்கள். நல்ல நியாயம்.

மகள்தான் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தாள். ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்க வேண்டிய மாதிரிப் போனை அம்மாவிடமே விட்டுவைத்தாள். டீச்சர் தனியாகக் குடித்தனம் நடத்துவது அதை வைத்துத்தான். வாசல் பூட்டே போனில்தான் திறக்கிறது. டாக்ஸி, மருந்து, பேங்க், எல்லாமே அதில்தான். பழைய டிராயிங் டீச்சரோடு தினமும் மெசேஜில் சண்டை போடுவதும் அதில்தான். அந்தச் சண்டை இல்லாமல் டீச்சருக்குப் பொழுது விடியாது.

இப்போது கம்பெனி அந்தக் காப்புரிமையை வேறு எவனுக்கோ விற்றுவிட்டது. மாதிரிகள் அத்தனையும் திரும்பி வரவேண்டும், அழிக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தமாம். மகள் நேற்று சாயங்காலம் கூப்பிட்டு அழாக்குறையாகச் சொன்னாள். "குடுத்துடும்மா. என் வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்க. நீ பேசாம என்கூட வந்துடு. யாருக்குப் போன் பேசணுமோ சொல்லு, நான் போட்டுத் தரேன்."

போட்டுத் தருகிறாளாம். டீச்சருக்கு ராத்திரி பூரா அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பாசத்தில்தான் சொல்கிறாள், தெரியாமல் இல்லை. ஆனாலும் டாக்டரோடு பேசவேண்டுமா, பாப்பா போட்டுத் தா. டிராயிங் டீச்சரைத் திட்டவேண்டுமா, பாப்பா போட்டுத் தா. வாசலைத் திறக்கவேண்டுமா, பாப்பா வரட்டும். அதற்குப் பேசாமல் இந்தக் கைகளையே கழற்றிப் பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம்.

"அந்தப் புதுப் போனை எடுங்க தம்பி" என்றார் டீச்சர். "இதுல என் மகளுக்கு ஒரு கால் போடறேன். போயிடுச்சுன்னா பழசை நானே எடுத்துக் குடுத்துடறேன்."

அவன் முகம் மலர்ந்துபோய்ப் பெட்டியைப் பிரித்தான். மகளின் எண்ணைச் சேர்த்து, திரையிலேயே பேர் தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்தான். டீச்சர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விரலைக் கொண்டுபோனார். வேண்டுமென்றே தப்பாகத் தொடவில்லை. ஆட்டம் என்றால் ஆட்டம், அதில் ஏமாற்றுகிற ஜாதி இல்லை அவர். விரல் பட்டதும் காமிரா திறந்து கூரையைப் படம் எடுத்தது. அதை மூடப் போனால் வெளிச்சம் ஏறியது. பேர் காணாமல் போய்ப் பாட்டு ஒன்று அலறியது. "நான் வேணா..." என்று அவன் கையை நீட்டினான்.

"கையை எடுங்க தம்பி."

எடுத்துவிட்டான். டீச்சர் மறுபடி முயன்றார். நடுக்கம் அவசரத்தில் கூடும், கோபத்தில் இன்னும் கூடும், பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தன் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆபத்து உதவிக்குக் கூப்பிடட்டுமா என்று போன் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கூப்பிடவும் ஆரம்பித்தது. அதை மட்டும் அவன் பாய்ந்து நிறுத்தினான். டீச்சரின் நெற்றியில் வியர்த்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இவன் முன்னால் அழுவதா என்று அவனையே முறைத்தார். அவன் என்ன செய்வான், வேலையை விட்டுப் போகிறவர்களிடம் லேப்டாப்பும் சாவியும் வாங்கிக்கொண்டு வருகிறவன்.

அந்த நேரத்தில்தான் மகள் உள்ளே வந்தாள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மாதிரி ஆபீசிலிருந்து ஓடிவந்திருந்தாள். அம்மா முரண்டு பிடிப்பாள், பேசிச் சரிக்கட்டலாம் என்று வந்தவள், அம்மாவின் விரலும் அந்தப் போனும் படுகிற பாட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். பேர் கண்ணெதிரே இருக்கிறது. ஒரு தடவை தொட்டுவிட்டால் முடிந்தது. தன்னையறியாமல் குனிந்து கையை நீட்டினாள்.

"நீயும் கையை எடு பாப்பா" என்றார் டீச்சர்.

மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளும் அவனும் டீச்சர் தொடுவதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மகள் அவன் பக்கம் திரும்பினாள்.

"தொலைஞ்சு போச்சுன்னு போட்டுக்கோங்க. என் கையிலதான் தொலைஞ்சது."

அவனுக்கு உயிர் வந்தது. "அப்படின்னா சுலபம் மேடம். தொலைஞ்சதுன்னு தனியா ஒரு கட்டமே இருக்கு."

"தொலையலை" என்றார் டீச்சர்.

"அம்மா, சும்மா இரும்மா."

"எதுக்குத் தொலையணும்? என் கையை வெச்சுப் பண்ணின பொருள் பாப்பா. எனக்குக் கீழதான் இருக்கு. இருக்கு, ஆனா தரமாட்டேன். அப்படின்னு எழுதிக்கோங்க தம்பி."

"அப்படி ஒரு கட்டம் இல்லையே மேடம்."

"கடைசியில குறிப்புன்னு கொஞ்சம் இடம் விட்டிருப்பாங்க. பாருங்க."

பார்த்தான். இருந்தது. கேட்டோம், இருக்கிறது, தர மறுக்கிறார் என்று தட்டினான். தட்டிவிட்டுத் தயங்கினான். "இதை அனுப்பினா உங்க பொண்ணைத்தான் கூப்பிடுவாங்க மேடம். யார் வெளிய கொண்டுபோனதுன்னு கேப்பாங்க."

இதைத்தான் டீச்சர் ராத்திரி பூரா நினைக்காமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தார். தன் வீம்புக்கு இவள் சோற்றில் மண்ணைப் போடுவதா? எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முட்டியில்கூடக் கையை ஊன்றிவிட்டார். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிடட்டும்" என்றாள். "நான்தான் கொண்டுபோனேன்னு சொல்லுவேன். யோசனை உன்னோடதுன்னும் சேர்த்துச் சொல்லுவேன். கண்டுபிடிச்சவங்க பேரை விட்டுட்டா அந்தக் காப்புரிமையே நிக்காதும்மா. எவனுக்கு வித்தாங்களோ அவனும் வந்து கேக்கட்டும்."

"பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? போன் இருந்தாப் போதும்."

"உனக்கு வேண்டாம்னா போ. எனக்கு வேணும்."

பெற்றவளைப் போலவே பேசுகிறாள் என்று டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

அவன் டேப்லட்டைத் திருப்பி நீட்டினான். "குறிப்புக்குக் கீழ ஒரு கையெழுத்து வேணும் மேடம். விரலாலேயே..." என்றவன், சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டான். கண்ணாடித் திரையில் சின்னதாக ஒரு கட்டம். "பரவாயில்லை, நானே போட்டுக்கிறேன்."

"நான் தரமாட்டேங்கிறதுக்கு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா? நல்லாருக்கே. நேராப் பிடிங்க."

அவன் எழுந்து வந்து, நாற்காலிக்கு முன்னால் முழங்காலை மடக்கி, இரண்டு கைகளாலும் டேப்லட்டை ஏந்திப் பிடித்தான். டீச்சர் விரலை வைத்தார். கோடு துள்ளிக் குதித்து ஓடியது. கையெழுத்து தெளிவாக இல்லை, மீண்டும் முயலவும் என்று சிவப்பில் எழுதிக்காட்டிவிட்டு, டேப்லட் எல்லாவற்றையும் துடைத்துப்போட்டது. டீச்சர் மறுபடி வைத்தார். மறுபடி துடைத்தது. அவன் பிடித்திருந்த கைகளைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தான். இந்தத் தடவை கோடு கட்டத்துக்குள் நிற்காமல் வெளியே வந்து, குறிப்பின்மேல் ஏறி, கம்பெனியின் முத்திரையைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்துக்கொண்டு, திரையின் விளிம்புவரை போய் முட்டித் திரும்பியது. டீச்சர் இன்னும் முதல் எழுத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.