ஐந்தாவது கை

பொன்னிற அட்டையை வெட்டும் மெசினின் ஒட்டும் பாயிலிருந்து உரிக்கும்போது அவசரப்படக் கூடாது. அட்டையைப் பிடித்து இழுத்தால் சுருண்டுவிடும். பாயைக் கவிழ்த்து மெல்ல வளைத்தால் அட்டை தானாகக் கழன்று வரும். றஜனி பாயை மேசை விளிம்பில் வைத்து வளைத்தாள். பிள்ளையாரின் காது கழன்றது, பிறகு தும்பிக்கை, பிறகு கைகள். வெட்டுக்குள் சிக்கியிருந்த சின்னத் துண்டுகளைக் கொக்கி ஊசியால் குத்தி எடுத்து வெறும் யோகட் கப்பில் போட்டாள்.

மானிப்பாய்ச் சந்திக்குக் கிட்ட, ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அந்த அட்டைக்கடை இருந்தது. முன்னறையில் கொம்பியூட்டரும் கண்ணாடி அலுமாரியும். துணித்திரைக்குப் பின்னால் வெட்டும் மெசினும் நீள மேசையும். முதலாளி சயந்தன் முன்னறையில் இருந்தபடி, இன்ன படம் வேண்டும் என்று ஏ.ஐ.யிடம் எழுதிக் கேட்பான். அது கண்ணை மூடித் திறப்பதற்குள் வரைந்து தந்துவிடும். பிறகு கொம்பியூட்டர் அந்தப் படத்தை ஐந்து அடுக்காகப் பிரித்து மெசினுக்கு அனுப்பும். ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு நிற அட்டையில் வெட்டுப்பட்டு வரும். இடையிடையே ஸ்பொஞ்சுத் துண்டு வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் படம் அட்டையிலிருந்து எழும்பி நிற்கும். "கை படாமல் செய்தது" என்று சயந்தன் வருகிறவர்களிடம் பெருமையடிப்பான். அப்போது திரைக்குப் பின்னால் றஜனியின் கையும் கூட வேலை செய்யும் உதயகலாவின் கையும் பசையில் ஊறிக்கொண்டிருக்கும்.

ஏ.ஐ. கெட்டிக்காரன்தான். கவனம்தான் போதாது. மணமகளுக்கு ஆறு விரல் வைத்துவிடும். குத்துவிளக்கின் சுடரைத் திரியோடு தொடாமல் அந்தரத்தில் வரைந்துவிடும். வெட்டினால் சுடர் தனியாக உதிர்ந்து விழும். ஆறாவது விரலை றஜனி யாரையும் கேட்காமலே நறுக்கிவிடுவாள். மனிதரிலும் விளக்கிலும் கத்தி வைக்க அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. சைவச் சாமி வந்தால் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். அவள் குருநகர்ப் பெண், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. தான் கும்பிடாத சாமியில் தன் எண்ணப்படி கத்தி வைப்பது மரியாதையில்லை என்று நினைத்தாள்.

இந்தப் பிள்ளையாரிலும் கேட்கத்தான் செய்தாள். இணுவில் கதிரவேலரின் மகள் தனுசியாவின் கலியாண அட்டை அது. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் மூன்று. மூன்றாவது, பொன்னிற அடுக்கில், இடது தோளுக்குப் பின்னாலிருந்து அந்தக் கை உள்ளங்கையை விரித்தபடி வந்தது. பிள்ளையாருக்கு ஐந்து கை என்று பள்ளிக்கூடத்தில் சைவப் பிள்ளைகள் சொல்ல அவள் கேட்டிருக்கிறாள். ஆகவே சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் வெட்டிய முதல் அட்டையோடு முன்னறைக்குப் போனாள்.

"அண்ணை, பிள்ளையாருக்கு அஞ்சு கைதானே?"

சயந்தன் கொழும்புப் பேப்பர்க்காரனோடு போனில் நின்றான். போனைக் கையால் பொத்திக்கொண்டு, கொம்பியூட்டரைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஓம், ஓம், அஞ்சுதான். உது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீர் ஒட்டும்."

றஜனி ஒட்டினாள். முந்நூறு அட்டை. அவளும் உதயகலாவும் எதிரெதிரே இருந்து, கண் எரிய எரிய ஒட்டினார்கள். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தபின் ஓராள்தான் தேவைப்படும் என்று சயந்தன் முன்பே சொல்லியிருந்தான். அந்த ஓராள் தானாக இருக்க வேண்டும் என்பது றஜனியின் ஒரே வேண்டுதல். அவளுடைய கணவன் வின்சன்றுக்குத் திருக்கை முள் குத்திய கால் இன்னும் ஆறவில்லை. அவன் கடலுக்குப் போகாத நாளிலிருந்து அடுப்பு எரிவது அவளுடைய சம்பளத்தில்தான். உதயகலா கலியாணமாகாத பெண், பக்கத்து ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் வருகிறவள். அவள் வீட்டிலும் கஷ்டம்தான். இருவரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

அட்டைகள் போன மூன்றாம் நாள் கதிரவேலரும் மனைவி சிவக்கொழுந்தும் பெட்டியோடு திரும்பி வந்தார்கள். சிவக்கொழுந்தின் கண் சிவந்திருந்தது.

"தம்பி, முதல் அட்டையைப் பிள்ளையாரின்ரை காலடியிலை வைப்பம் எண்டு கோயிலுக்குக் கொண்டு போனனாங்கள். ஐயர் வாங்கிப் பாத்திட்டுத் திருப்பித் தந்திட்டார். நாலு கையும் தும்பிக்கையும் சேத்துத்தான் அஞ்சாம். உதிலை தும்பிக்கையோடை ஆறு கை வருது. என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு இது என்ன சகுனம்?"

உள்ளே றஜனி திரைக்குக் கிட்ட வந்தாள். தும்பிக்கையும் ஒரு கையா? அது அவளுக்குத் தெரியாது. ஆனால் தான் கேட்டது சயந்தனுக்குத் தெரியும். அவன் அதைச் சொல்லுவான் என்று கையில் ஊசியோடு காத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, படம் எல்லாம் சரியாத்தான் வந்தது. உள்ளை ஒட்டுற பிள்ளை விட்ட பிழை. அவ குருநகர், வேதக்காரர். எங்கடை சாமியைப்பற்றி அவவுக்கு என்ன தெரியும், சொல்லுங்கோ?"

"அப்ப ஏன் தம்பி பிள்ளையாரை அவவின்ரை கையிலை குடுத்தனீர்?" என்றார் கதிரவேலர். அவர் குரலை உயர்த்தவில்லை.

"இனி அவ இதிலை கை வைக்க வேண்டாம்," என்றாள் சிவக்கொழுந்து. "ஒரு சைவப் பிள்ளை முழுகிப்போட்டு வந்து செய்யட்டும்."

"ஓம் அம்மா. அவவை இண்டைக்கே நிப்பாட்டுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு சயந்தன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். உதயகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"றஜனி, ஒண்டும் நினைக்காதையும். நான் வேறை என்னத்தைச் சொல்லுறது? ஏ.ஐ. பிழையா வரைஞ்சது எண்டால் நாளைக்கு ஒருத்தரும் கடைப் பக்கம் வராயினம்."

"நான் உங்களைக் கேட்டனான், அண்ணை."

"கேட்டனீர்தான். நானும் அஞ்சு எண்டுதானே சொன்னனான்? அது சரிதானே?"

"நீங்கள் திரும்பிப் பாக்கேல்லை."

சயந்தன் பெட்டியைத் திறந்து ஒரு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பொன்னிற அட்டை கடையில் துண்டும் மிச்சமில்லை. கொழும்பிலிருந்து வர முகூர்த்தம் கடந்துவிடும். புதிதாக வெட்ட வழியில்லை. ஒட்டியதைக் கிளப்பி, மூன்றாவது அடுக்கிலிருந்து அந்தக் கையை மட்டும் நறுக்கி எடுத்தால் கீழே இருக்கும் மெரூன் நிறம் சுத்தமாகத் தெரியும், ஒருவருக்கும் சந்தேகம் வராது. உதயகலாவை ஒன்றில் செய்து பார்க்கச் சொன்னான். அவள் நெற்றியில் திருநீற்றோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு கத்தியை உள்ளே விட்டாள். கத்தி வழுக்கிப் பிள்ளையாரின் காது இரண்டாகக் கிழிந்தது.

"எனக்கு ஏலாது, அண்ணை," என்றாள் உதயகலா. அழுதுவிடுவாள் போலிருந்தது. "றஜனியக்காவின்ரை கைக்குத்தான் இது வரும்."

சயந்தன் கிழிந்த அட்டையை ஒதுக்கி வைத்தான்.

"சரி, நீர் செய்யும் றஜனி. ஆனால் வெளியிலை முகம் காட்டாதையும். அவை வந்தால் சத்தம் போடாமல் உள்ளையே இரும். உதயகலா செய்தது எண்டு நான் சொல்லுறன்."

மறுக்கத்தான் றஜனி நினைத்தாள். வின்சன்றின் கால் நினைவுக்கு வந்தது. கத்தியை எடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் கடை திறக்கும் முன்பே பின்படியால் ஏறி வந்தாள். மேல் அடுக்குகளின் கீழ் மெல்லிய தகட்டை விட்டு, ஸ்பொஞ்சைக் கிழிக்காமல் கிளப்பி, தோளோடு ஒட்டிக் கையை நறுக்கி, மறுபடி பசை தொட்டு அழுத்தினாள். கோபம் வந்தது. கோபத்தில் கத்தி வழுக்கினால் இன்னொரு காது கிழியும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. நறுக்கிய கைகள் யோகட் கப்பை நிரப்பின. பிறகு ஒரு சொப்பிங் பையில் போட்டாள்.

சிவக்கொழுந்து அட்டைகளை எடுக்க வந்த அன்று ஒரு பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்தாள். ஒவ்வொரு அட்டையாகக் கையை எண்ணிப் பார்த்து, கடைசியில் சிரித்தாள்.

"ஆர் பிள்ளை செய்தது? நீரோ?"

முன்னறையில் நின்ற உதயகலா திரையைப் பார்த்தாள். சயந்தன் அவளைப் பார்த்தான்.

"ஓம் அம்மா," என்றாள் உதயகலா.

"உம்மடை கை நல்ல கை. வடிவாச் செய்திருக்கிறீர். கலியாணத்துக்கு வாரும் பிள்ளை, கட்டாயம் வாரும்."

திரைக்குப் பின்னால் அட்டைத்தூசி மூக்கில் ஏறி றஜனிக்குத் தும்மல் வந்தது. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேசைக்காலோடு ஒட்டி, அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை குந்தியிருந்தாள். கண்ணால் தண்ணீர் வழிந்தது.

உதயகலா பணியாரத்தில் பாதியை ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அக்கா, நான்..."

"தெரியும். நீர் என்னத்தைச் செய்யிறது," என்று றஜனி வாங்கிக்கொண்டாள்.

மேசையைக் கூட்டும்போதுதான் நறுக்கிய கைகள் இருந்த அந்தப் பை சயந்தனின் கண்ணில் பட்டது. குப்பை வாளியில் போடப் போனவனை உதயகலா தடுத்தாள்.

"ஐயோ, சாமியின்ரை கையெல்லோ! குப்பையிலை போடேலாது அண்ணை."

"எரிப்பமே?"

"எரிக்கிறதோ? கூடாது. ஓடுற தண்ணியிலை, இல்லாட்டில் கடலிலைதான் விடவேணும்."

சயந்தன் பையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான். பிறகு றஜனியிடம் நீட்டினான்.

"உமக்குக் கடல் கிட்டத்தானே. போறபோக்கிலை விட்டுவிடும்." கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்துகொண்டு சொன்னான்: "நாளைக்கு வர வேண்டாம் றஜனி. உம்மை நிப்பாட்டினது எண்டு அவைக்குச் சொல்லிப்போட்டன். இணுவில் ஓடர்தான் கடைக்குக் கூட வாறது. கொஞ்ச நாள் போகட்டும், நான் போன் எடுக்கிறன்."

"எடுப்பியளோ, அண்ணை?"

கொம்பியூட்டர்த் திரையில் அடுத்த ஓடருக்கான படம் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. ஒரு மயில், அதன்மேல் முருகன்.

"ஓம், ஓம்," என்றான் அவன், அதைப் பார்த்தபடியே.

குருநகரில் பஸ்ஸால் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. வின்சன்ற் கரையில் கவிழ்த்திருந்த வள்ளத்தில் சாய்ந்துகொண்டு, துணி சுற்றிய காலை நீட்டியபடி இருந்தான். இந்த நேரத்தில் அவள் நேராகக் கடற்கரைக்கு வந்தது அவனுக்குப் புதினமாக இருந்தது.

"என்னப்பா பையுக்குள்ளை?"

"சாமியின்ரை கை."

அவன் விளங்காமல் அவளைப் பார்த்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, பையைக் கவிழ்த்தாள். பொன்னிறக் கைகள் கொத்தாக விழுந்து விரிந்தன. கொஞ்சத் தூரம் போயின. அட்டை பாரமில்லாதது, தாழவில்லை. சோளகக் காற்று கரையைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. அது அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து, சாதாளைக் கடற்புல்லோடு சேர்த்து அவளுடைய காலடியில் ஒதுக்கியது.

குனிந்து இரண்டு கையாலும் அள்ளி, இன்னும் தள்ளிப் போய் விட்டாள். அவை மறுபடியும் வந்தன. உள்ளங்கையை விரித்து, பயப்படாதே என்கிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவளுடைய காலில் ஒட்டிக்கொண்டன.