கொடி பறந்தால் தண்ணீர்

நிலம் ஆடி அடங்கியபோது அந்தத் தெருவில் சேதமில்லாமல் தப்பியவை இரண்டுதான்: கண்டக்டரின் வாய், லாரிக்காரரின் ஹார்ன்.

கண்டக்டர் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர். சுவர் விழுந்து ஒரு கால் போய்ச் சக்கர நாற்காலி வந்தது. வாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. லாரிக்காரரோ, மண்ணுக்கடியில் குழாய்களெல்லாம் நொறுங்கிப்போன பிறகு தெருவுக்கே ஆறும் குளமும் ஆனவர். டீசல் புகையைக் கக்கிக்கொண்டு முனையில் வந்து நின்று ஹார்னை அழுத்துவார். ஓட முடிந்தவர்களுக்குத் தண்ணீர், முடியாதவர்களுக்கு வேடிக்கை. தெரு அவருக்கு ஹார்ன் என்றே பெயர் வைத்தது. அவரும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டார்.

தையல்காரிக்கு அந்த வேடிக்கைகூடக் கிடைக்கவில்லை. அவளுக்குக் காது கேட்காது. எல்லாரும் நனைந்த இடுப்போடு திரும்பி வருவதைப் பார்த்துத்தான் லாரி வந்துபோனதைத் தெரிந்துகொள்வாள்.

இந்தத் தெருவுக்குத்தான் நகராட்சியின் இளம் இன்ஜினியர் ஒரு குழாயடி கட்டினான். அவனும் அதே தெருக்காரன், கோடி வீடு. நிலநடுக்கத்துக்கு முந்தைய வருடம் மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவன். அதற்குப் பிறகு அவன் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தந்திக்குக்கூடக் காணாது என்பார் கண்டக்டர். வீட்டில் அவனும் அத்தையும்தான். மகள் போன பிறகும் மாப்பிள்ளையை விட்டுப் போகாத அத்தை. இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. சாப்பிட இருந்தது.

குழாயடி நன்றாகவே வந்தது. இடிந்த பள்ளிக்கூடச் சுவரின் செங்கற்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து மேடை. தண்ணீரை மேலே ஏற்ற டீசல் இல்லை, சூரியத் தகடுகள். சிந்தும் தண்ணீர் கீரைப் பாத்திக்கு. படிக்குப் பதில் சரிவு. நின்று பிடிக்க ஒரு குழாய், உட்கார்ந்து பிடிக்க ஒரு குழாய்.

ஒரே ஒரு சிக்கல். தொட்டி எப்போது நிறையும் என்று வெயிலைத்தான் கேட்க வேண்டும். நிறைந்ததைத் தெருவுக்கு எப்படிச் சொல்வது? கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஒருவர் மணி என்றார். ஒருவர் விசில் என்றார். தையல்காரி எழுந்து காதைத் தொட்டுக் கையை விரித்தாள். பிறகு கண்ணைத் தொட்டாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாளே கொடி தைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள். இடிபாட்டுத் தூசி படிந்து தெருவே சாம்பலாகக் கிடந்தது. மஞ்சளைத் தவிர வேறெதுவும் கண்ணில் விழாது. கொடி ஏறினால் தண்ணீர், இறங்கினால் இல்லை. கடை குழாயடிக்கு எதிரில் இருந்ததால் ஏற்றுவதும் இறக்குவதும் அவளே. எல்லாரும் சம்மதமென்று கை தூக்கினார்கள். இன்ஜினியரும் தூக்கினான். தன் வீட்டுப் பெட்டிக்குள் என்ன நிறம் கிடக்கிறது என்பது அப்போது அவன் ஞாபகத்துக்கு வரவில்லை.

வரிசையில் நின்ற பழக்கத்தில் தெரு கொஞ்சம் கைப்பேச்சும் கற்றது. முதலில் கற்றது வசவுகளை. அடுத்தது பட்டப்பெயர்களை. தையல்காரி ஆளாளுக்குக் கையாலேயே ஒரு பெயர் வைத்திருந்தாள். முஷ்டியால் காற்றை அழுத்தினால் ஹார்ன். விரல்கள் கொக்கின் அலகுபோலத் திறந்து திறந்து மூடினால் கண்டக்டர். இன்ஜினியருக்கு மட்டும் இரண்டு விரலால் உதட்டோரங்களைக் கீழே இழுப்பாள். அதைப் பார்த்தும் அவன் சிரிக்கமாட்டான். அதனால் பெயர் இன்னும் பொருந்திப்போனது.

குழாயடிக்கு நகராட்சி கொடுத்திருந்தது சோதனைக் காலம். தலைவி நேரில் வந்து பார்த்துச் சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி லாரி.

"மேகம் வந்தா குழாய்க்கு லீவு. என் லாரிக்கு வெயிலும் ஒண்ணு, மேகமும் ஒண்ணு," என்று ஹார்ன் முனையில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மனைவி போன பிறகு இன்ஜினியர் ஆசைப்பட்டது இந்தக் குழாயடி ஒன்றுக்குத்தான். தலைவி வருகிற அன்று காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபோதுதான் அது அவனுக்கே தெரிந்தது.

அன்றைக்குப் பார்த்து மேகம். தொட்டி ஆடி அசைந்து நிறைந்தது. அவனும் தையல்காரியும் அளவுக்குழாயையே பார்த்துக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். தலைவி வந்து இறங்கினார். அவர் பின்னாலேயே, கூப்பிடாமலே, ஹார்னும் வந்தார். நல்லவேளையாக வெயில் எட்டிப் பார்த்தது, தொட்டி நிறைந்தது. தையல்காரி கம்பீரமாகக் கொடியை ஏற்றினாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஒருவரும் வரவில்லை. ஒரு காக்கை வந்து மேடையில் உட்கார்ந்தது.

"காக்காவுக்கு எந்தக் குழாய் சார்? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?" என்றார் ஹார்ன்.

"தெருவுல ஆளுங்க இருக்காங்கல்ல?" என்று கேட்டார் தலைவி.

"இருக்காங்க," என்றான் இன்ஜினியர். அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

தையல்காரி அவன் தோளைத் தட்டித் தெருக்கோடியைக் காட்டினாள். அவன் வீட்டு மொட்டைமாடியில், கம்பத்துக் கொடியைக் கைக்குட்டையாக்கிவிடும் அளவில், மஞ்சளாக ஒன்று ஜம்மென்று பறந்துகொண்டிருந்தது.

தெருவே அவன் வீட்டு வாசலில் நின்றது. குடம், வாளி, டப்பா, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி. முன்னால் நாற்காலியில் கண்டக்டர், கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு.

"நடுவுல எடம் விடாதீங்க! இடிக்காம நில்லுங்க! வயித்துப்புள்ளக்காரி முன்னாடி வாம்மா!" இன்ஜினியரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்ன தம்பி, வீட்டுலயே கிளை ஆரம்பிச்சிட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லலியே? ஆனா ஒண்ணு, ரொம்ப மெதுவா வருது."

மெதுவாகத்தான் வந்தது. அத்தை வாசலில் நின்று ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஊரே வந்து தண்ணின்னு நின்னா இல்லன்னா சொல்ல முடியும்? நம்ம வீட்டு அண்டா காலி, மாப்பிள்ளை. மத்தியானத்துக்கு அரிசி களையக்கூட இல்ல."

"அத்தை, மாடியில என்ன?"

"பெட்ஷீட்டு. சுவர் விரிசல்ல மழை இறங்கிப் பெட்டியெல்லாம் பூஞ்சை. அலசிப் போட்டேன்." கொஞ்சம் குரலை இறக்கினாள். "அவ வாங்கினது."

அவனுக்குத் தெரியும். வாங்கிவந்த அன்று, "கண்ணு கூசுது" என்றிருந்தான். "கூசினா மூடிக்குங்க. கட்டில்ல கண்ண மூடறதுதானே வேல?" என்றிருந்தாள். அத்தோடு அந்த வழக்கில் அவன் தோற்றுப்போனான்.

ஹார்னுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீங்களாம்மா! பெட்ஷீட்டுக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாத ஏற்பாடு. இத நம்பி ஒரு தெரு!"

குழாயடி போயிற்று என்றே நினைத்தான் இன்ஜினியர். தையல்காரி ஹார்னின் உதடுகளைப் படித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

தலைவி வரிசையின் நுனியிலிருந்து வால்வரை மெதுவாக நடந்தார். கடைசியில் நின்ற பெண்ணிடம் கேட்டார்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"ஆமாங்க, காலு மரத்துப்போச்சு."

"இங்க குழாயே இல்லையே?"

"கொடி இருக்கே. இதுவரைக்கும் கொடி ஏறித் தண்ணி வராம இருந்ததில்ல."

"உங்க முறை வர்றதுக்குள்ள தீந்துட்டா?"

"எப்படித் தீரும்? முன்னாடி இருக்கறவரு கண்டக்டரு. ஆளுக்கு எவ்வளவுன்னு அவருக்குத் தெரியும்."

தலைவி திரும்பி நடந்துவந்து ஹார்ன் முன்னால் நின்றார். "உங்க லாரி வந்தா இப்படி நிப்பாங்களா?"

"லாரியில தண்ணி இருக்கும்ல, அதான் ஓடிவருவாங்க."

"இவங்க தண்ணியே இல்லாம வரிசையில நிக்கிறாங்களே, அத என்ன சொல்றீங்க?"

ஹார்ன் அப்போதுதான் முதல்முறையாகச் சத்தமில்லாமல் இருந்தார்.

"குழாயடி இருக்கட்டும்," என்றார் தலைவி. தெரு ஆரவாரித்தது. குழந்தைத் தொட்டியில் யாரோ தாளம் போட்டார்கள். தலைவி கையை உயர்த்தினார். "ஒரே ஒரு கண்டிஷன். இனிமே இந்தத் தெருவுல யாரும் மஞ்சள் துணி காயப்போடக் கூடாது. இப்பவே அத எறக்குங்க."

"இன்னும் காயலியே," என்றாள் அத்தை.

"வேற நிறமா ஒண்ணு வாங்கிக்குங்கம்மா."

"என் பொண்ணு வேற நிறம் வாங்கலியே."

தாளம் நின்றது. குழாயடி கைக்கு வந்து முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலைவியிடம் எதிர்த்துப் பேசினால் வந்த வழியே போய்விடலாம். இன்ஜினியர் தொண்டையைச் செருமினான்.

"கொடிய மாத்திக்கலாம்," என்றான். "அது காயட்டும்."

"அடேயப்பா!" என்றார் கண்டக்டர். "இது ஒரு தந்திக்கே காணும்!"

"மாத்தினா மறுபடியும் குழம்ப மாட்டாங்களா?" என்றார் தலைவி. குரலில் கொஞ்சம் கடுப்பு.

அவன் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தையல்காரி கடைக்கு ஓடினாள். கம்பத்துக் கொடி இறங்கியது. தையல் இயந்திரம் கடகடவென்று ஓடியது, அதை அவளைத் தவிர எல்லாரும் கேட்டார்கள். திரும்பி வந்தபோது மஞ்சளின் நடுவில் கறுப்புத் துணியில் பெரிதாக ஒரு கண் இருந்தது. இமை மயிர்கூட வைத்திருந்தாள். தன் கண்ணைத் தொட்டாள், கொடியின் கண்ணைத் தொட்டாள், தலைவியின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

தலைவி அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். அதுவும் அவரை முறைத்தது.

"முறைக்கிற பெட்ஷீட்டுல எவனும் படுக்க மாட்டான்மா," என்றார் கண்டக்டர்.

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. ஏத்துங்க."

கண் கம்பத்தில் ஏறியது. தெரு குடங்களைத் தூக்கிக்கொண்டு, வரிசை கலையாமலே, சரிவை நோக்கி நகர்ந்தது. "ரைட், போலாம்!" என்று முன்னால் உருண்டார் கண்டக்டர். காலி அண்டாவை யாரோ எடுத்துப் போனார்கள், நிரப்பித் தருகிறோமென்று. ஹார்னும் ஒரு வாளியோடு பின்னால் போனதாக அத்தை பிறகு சொன்னாள்.

வெயில் ஏறியதும் அவனும் அத்தையும் மாடிக்குப் போனார்கள். விரிப்பு மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. பெரிய விரிப்பு, ஒரு ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று உதறினார்கள். பிறகு கிட்டே வந்தார்கள். அத்தை தன் முனைகளை அவன் கையில் சேர்த்துவிட்டு, கீழே விழுந்த மடிப்பை எடுக்கக் குனிந்தாள். மறுபடி கிட்டே வந்தார்கள்.

"நல்லா கண்ணு கூசுது," என்றாள் அத்தை.

"மூடிக்குங்க," என்றான் அவன்.

குழாயடியிலிருந்து கண்டக்டரின் சத்தம் வந்தது. "தம்பி! கொடிய எறக்கிட்டீங்களே, தண்ணி தீந்துடுச்சா?"

தெரு முழுக்கச் சிரித்தது. தையல்காரி அண்ணாந்து அவனைப் பார்த்தாள். வழக்கம்போல உதட்டோரத்துக்கு விரலைக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். இரண்டு கைகளையும் அகலமாக விரித்து, விரிப்பை உதறுவதுபோல் மேலும் கீழும் ஆட்டினாள். பக்கத்திலிருந்தவர்களும் ஆட்டிப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

புதுப் பெயர்.

அவன் இரண்டு கைகளிலும் விரிப்பு இருந்தது. கையால் பதில் சொல்ல வழியில்லை. முகத்தால்தான் சொல்ல வேண்டியிருந்தது.